நூற்று அறுபத்தெட்டு வோல்ட்

நரின் நகரத்தில் அன்று உறைநிலைக்குக் கீழே இருபத்தாறு.
சகின்பெக் கணினியைக் கம்பளியில் சுற்றி
மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான்,
பனியில் பிறந்த குட்டியைத் தூக்கிவருவதுபோல.
கால்நடை மருத்துவனுக்கு வேறு விதமாகத்
தூக்கத் தெரியாது.

"எழுந்திருக்க மாட்டேன் என்கிறது, ஜிபார்.
மீட்பு போட்டால் நடுவிலேயே செத்துவிடுகிறது."

மேசையில் வைத்தேன். கம்பளி மயிர்
விசிறிக்குள்ளேயும் இருந்தது.
மீட்பை ஓடவிட்டேன். அறுபத்திரண்டு விழுக்காடு: இருட்டு.
மறுபடியும். நாற்பத்தொன்று: இருட்டு.
மறுபடியும். ஒன்பது.

ஒரே இடத்தில் விழுந்திருந்தால்
வட்டில் ஒரு குழி என்று சொல்லி
பழியை முடித்திருப்பேன்.
இது இடம் மாறி மாறி விழுகிறது,
குடித்தவன் வீட்டுக்குப் போகிற மாதிரி.

நினைவகப் பட்டைகளைக் கழற்றினேன்.
என் மகனின் பென்சில் அழிப்பானால்
பொன்னிறப் பற்களைத் தேய்த்தேன்.
ஒன்றைச் செருகி ஓட்டினேன், மற்றதைச் செருகி ஓட்டினேன்,
இரண்டும் குற்றமற்றவை.
செயலியின் மேல் காய்ந்து வெடித்திருந்த பசையைச் சுரண்டி
புதுப்பசை ஒரு கடுகளவு வைத்தேன்.
சூடு இறங்கியது. கணினியும் இறங்கியது,
முப்பத்தேழில்.

வினோதம் என்னவென்றால்
சும்மா விட்டால் அது நாளெல்லாம் நிற்கும்,
கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு சிமிட்டிக்கொண்டு.
தன்னைக் குணப்படுத்தச் சொன்னால்தான்
தாங்குவதில்லை.

மாலை ஆறு மணி.
கீழ்த்தளத்துக் காலணிக்கடை அய்ம்கான்
மின்அடுப்பைப் போட்டிருப்பாள்.
எதிர்வீட்டில் போட்டிருப்பார்கள். தெரு முழுக்க.
என் தலைக்கு மேலே பல்பு
ஒரு நொடி சுருங்கி விரிந்தது.
திரை இருட்டு.

நான் சிரித்துவிட்டேன். சகின்பெக் பயந்துவிட்டான்.

மல்டிமீட்டரைச் சுவரில் குத்தினேன்:
நூற்று அறுபத்தெட்டு.
மின்வழங்கியைத் திறந்தால்
மின்தேக்கிகள் மூன்று, தொப்பை போட்டு,
தலையில் பழுப்பாகக் கசிந்து நிற்கின்றன.
ஒரு தடுமாற்றத்தைக்கூட இனி தாங்கிக்கொடுக்க முடியாது அவற்றால்.
புதியது பிஷ்கெக்கில் கிடைக்கும்.
டோலோன் கணவாய் பனியில் மூடிக்கிடக்கிறது.
என் யூபிஎஸ் போன குளிரிலேயே போய்ச்சேர்ந்தது.

"அப்படியென்றால்?"
"அப்படியென்றால் ஊர் தூங்கும்வரை உட்கார்."

உட்கார்ந்தோம். உப்புத் தேநீர், மூன்று கெட்டில்.
நாள் முழுக்கப் பசுவின் வயிற்றில் கைவிட்டவன்
நாற்காலியிலேயே குறட்டை விட்டான்.
நான் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்:
இருநூற்று நான்கு. இருநூற்றுப் பதினொன்று.
இரண்டே முக்காலுக்கு இருநூற்றுப் பத்தொன்பது.
பொத்தானை அழுத்தினேன்.

ஒன்பதைத் தாண்டியது.
நாற்பத்தொன்றைத் தாண்டியது.
அறுபத்திரண்டில் கொஞ்சம் நின்றது,
நானும் மூச்சை நிறுத்தினேன்.
தொண்ணூற்றொன்பதில் இருபது நிமிடம்.
அது எப்போதும் அப்படித்தான்.

நான்கரைக்கு விழித்தது. அவனையும் எழுப்பினேன்.
பதிவேட்டைத் திறந்தவன் வெகுநேரம் பேசவில்லை.

மீட்பு கொண்டுவந்தது அக்டோபரை.
நவம்பரில் ஓநாய் தின்ற ஏழு ஆடுகள்
காதுப்பட்டை எண்களோடு நிற்கின்றன.
அட்பாஷிச் சந்தையில் விற்ற நாற்பதும்
மேய்ச்சலுக்குத் திரும்பியிருக்கின்றன.
தடுப்பூசி யாருக்கும் போடவில்லை.
அவனே கொன்று புதைத்த நோய்ப்பட்ட மாடு
'நலம்' என்ற கட்டத்தில்.

சட்டைப்பையிலிருந்து சாணிக்கறை பிடித்த
குறிப்பேட்டை எடுத்தான்.
"ஓநாயிலிருந்து ஆரம்பிக்கிறேன்" என்றான்.
ஒவ்வொன்றாக அழித்தான்,
ஒவ்வோர் எண்ணையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு.

ஐந்து பத்து. கீழே அய்ம்கான் இருமினாள்.
கதவு, பாத்திரம், அடுப்பின் சொடுக்கு.
"சேமி!" என்று கத்தினேன்.
பல்பு சுருங்கியது.
அவன் விரல் ஏற்கெனவே அங்கே இருந்தது.